கயிற்றில் தொங்கிய வார இதழ்களும் நமது சங்க இதழும்



நமது சங்க இதழை இனி அச்சடிக்க வேண்டாம், செல்போனில் அனுப்பிவிட்டால் போதும் என்று ஒரு யோசனை கிளம்பியிருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானமாக வரும் என்று தெரிகிறது. யோசனை சொன்னவர்கள் விவரம் தெரிந்தவர்கள். சங்கத்தின் பணத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். தாள் விலை, அச்சுக் கூலி, அஞ்சல் செலவு மூன்றும் ஏறியிருப்பது உண்மை. "பெரிய பெரிய பத்திரிகைகளே நின்றுவிட்டன, நாம் எம்மாத்திரம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குத் தகுதி உண்டு. அந்தப் பெரிய பத்திரிகைகளைத் தெருத்தெருவாகக் கொண்டு சேர்த்ததில் பெட்டிக்கடைக்காரருக்கும் மளிகைக் கடைக்காரருக்கும் பெரும் பங்கு உண்டு. அவை விற்றதும் நம் கடையில்தான், தேங்கியதும் நம் கடையில்தான். ஒரு சரக்கு ஏன் ஓடியது, ஏன் நின்றது என்று கணக்குப் பார்ப்பது நமக்குப் பழகிப்போன வேலை. அதே கணக்கைப் பத்திரிகைக்கும் ஒருமுறை பார்த்துவிட்டு, பிறகு தீர்மானத்துக்குக் கை தூக்குவோம் என்பதே என் வேண்டுகோள்.

கடைக்கு ஆள் கூட்டிய சரக்கு

30, 40 வருடங்களுக்கு முன்னால் செங்கல்பட்டு பஜாரிலும் சரி, திருக்கழுக்குன்றத்திலும் மாமல்லபுரத்திலும் சரி, கடை வாசலில் ஒரு சணல் கயிறு கட்டியிருக்கும். அதில் கிளிப் மாட்டி வார இதழ்கள் தொங்கும். சென்னையிலிருந்து கட்டு வந்து இறங்கும். ஏஜென்ட் அதைப் பிரித்து, புதுப்பட்டினம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், கோவளம் என்று பஸ்ஸில் போட்டு அனுப்புவார். கட்டு வருகிற நாளும் நேரமும் வாடிக்கையாளருக்குத் தெரியும். "வந்தாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

அதில் கிடைத்த கழிவு பெரிய தொகை ஒன்றுமில்லை. விற்காத பிரதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பதால் நஷ்டமும் இல்லை. கடைக்காரருக்கு உண்மையான லாபம் வேறு இடத்தில் இருந்தது. தொடர்கதை படிக்கிற அம்மாள் வாரம் தவறாமல் அதே நாளில் கடைக்கு வருவார். வந்தவர் காப்பித்தூளும் அரைக்கிலோ துவரம்பருப்பும் வாங்காமல் போகமாட்டார். முடிதிருத்தும் கடைக்கு ஒன்று, டீக்கடைக்கு ஒன்று, டாக்டர் வீட்டுத் திண்ணைக்கு ஒன்று என்று நிரந்தரக் கணக்கும் இருந்தது. சைக்கிளில் புத்தகம் கொண்டுபோய் வீடுகளில் சுற்றுக்கு விடுகிற நூலகக்காரர்கள் மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். ஒரு பிரதியை நாலு வீடு படித்த காலம் அது.

பத்திரிகை நடத்தியவர்களும் வியாபாரிகளே

பத்திரிகை என்றால் எழுத்தாளர் சமாசாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதை வளர்த்தவர்கள் நல்ல வியாபாரிகள். ஆனந்த விகடன் 1926-ல் பூதூர் வைத்தியநாதய்யரால் தொடங்கப்பட்டது. 1928-ல் அதை எஸ்.எஸ். வாசன் விலைக்கு வாங்கினார். வாசன் அதற்கு முன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தவர், தபாலில் சாமான் விற்றவர். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்து அந்தப் பெயரை வாங்கினார் என்று சொல்வார்கள். 1930-களில் குறுக்கெழுத்துப் போட்டி வைத்து விற்பனையை ஏற்றினார். வாடிக்கையாளர் மறுபடியும் வருவதற்கு ஒரு காரணத்தைப் பண்டத்தோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1941-ல் ரா. கிருஷ்ணமூர்த்தியும் டி. சதாசிவமும் சேர்ந்து கல்கி வார இதழைத் தொடங்கினார்கள். முதல் போட கையில் பணமில்லை. அதற்காகவே எம்.எஸ். சுப்புலட்சுமி 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் கட்டி நடித்தார். 1947-ல் எஸ்.ஏ.பி. அண்ணாமலை குமுதத்தையும், அதே ஆண்டு ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் அம்புலிமாமாவையும் தொடங்கினார்கள். தினத்தந்தி குழுமத்திலிருந்து 1962-ல் ராணி வந்தது.

இவற்றுள் கல்கிக்கும் நம் கடற்கரைக்கும் தனிச் சம்பந்தம் உண்டு. 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை கல்கியில் தொடராக வந்தது. மாமல்லபுரக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு இருந்தபோது அந்தக் கதை மனத்தில் உதித்ததாகக் கல்கியே எழுதியிருக்கிறார். அதைப் படித்த குடும்பங்கள் ஆயனச் சிற்பியையும் சிவகாமியையும் மனத்தில் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் பார்க்க வந்தன. ஐந்து ரதத்தைப் பார்த்துவிட்டு இளநீர் குடித்தார்கள், சங்கு மாலை வாங்கினார்கள், கல்லில் செதுக்கிய பிள்ளையாரை வாங்கிப் போனார்கள். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு மாமல்லபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 1984-ல். அதற்கு 40 வருடங்களுக்கு முன்பே ஒரு வார இதழ் நம் ஊரைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுபோய்விட்டது. அதனால் இந்தக் கடற்கரையில் கடை வைத்திருப்பவர்கள் கல்கிக்கு ஓரளவு கடன்பட்டவர்களே.

அந்தக் கல்கியின் வார இதழ் 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. 79 வருடம் ஓடிய சரக்கு கயிற்றிலிருந்து இறங்கியது.

சரக்கு எப்படித் தேங்கியது?

கொரோனா வந்தது, பத்திரிகை நின்றது என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். அது முழுக்கணக்கு ஆகாது. கொரோனா கடைசி அடி மட்டுமே. முதல் அடி அதற்கு வெகு காலம் முன்பே விழுந்துவிட்டது.

1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. வாரத்துக்கு ஒரு அத்தியாயமாகப் படித்த தொடர்கதை, தினமும் ராத்திரி வீட்டுக்குள்ளேயே தொடர் நாடகமாக வர ஆரம்பித்தது. அதே 1993-ல் தேசத்தின் புகழ்பெற்ற ஆங்கில வார இதழான இல்லஸ்ட்ரேடட் வீக்லி நின்றுபோனது. பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்த கையோடு செல்போனில் இணையம் மலிந்தது. சிரிப்புத் துணுக்கு, சினிமாச் செய்தி, சமையல் குறிப்பு, ராசிபலன் எல்லாம் காசில்லாமல் உள்ளங்கைக்கு வந்துவிட்டன. வார இதழின் பாதிப் பக்கம் இவைதாம்.

அம்புலிமாமா போன விதத்தையும் பாருங்கள். பல மொழிகளில் வந்த இதழ் அது. 1998-ல் ஒருமுறை நின்று, மறுபடி தொடங்கி, 2007-ல் ஒரு கணினி நிறுவனத்துக்குக் கைமாறி, 2013 வாக்கில் முற்றிலும் நின்றது. அதில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து போகும் படம் வரைந்த ஓவியர் சங்கர் 2020-ல் 96 வயதில் காலமானார். அந்தப் படத்தைத் தெரியாத கடைக்காரர் நம்மில் யாரும் இருக்க முடியாது.

வணிகராகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெரிய பத்திரிகைகள் பலவற்றில் ஒரு பிரதியின் அடக்க விலைக்கும் குறைவாகவே விற்பனை விலை வைத்தார்கள். துண்டு விழுந்ததை விளம்பரம் ஈடு கட்டியது. விளம்பரம் இருக்கும் வரையில் விற்பனை ஏற ஏற லாபம். விளம்பரக்காரர் டி.வி.க்கும் பிறகு செல்போனுக்கும் போனதும், விற்கிற ஒவ்வொரு பிரதியிலும் நஷ்டம் என்று ஆகிவிட்டது. விலையை ஏற்றலாம் என்றால், எல்லாருக்கும் பொதுவாக எழுதிய இதழுக்குக் கூடுதல் காசு கொடுக்க யாரும் தயாராக இல்லை. யார் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்ற விவரமும் பத்திரிகை ஆபீசில் இல்லை. அந்த விவரம் கடைக்காரரிடம் இருந்தது. அவரை யாரும் கேட்கவில்லை.

இந்த நிலையில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயில் நின்றது, பஸ் நின்றது, கட்டு வரவில்லை. தாளைத் தொட்டால் நோய் வரும் என்ற பயம் வேறு. முடிதிருத்தும் கடையும் டீக்கடையும் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அவை திறந்தபோது பத்திரிகைக் கணக்கை மறுபடி தொடங்கவில்லை. 2022-ல் பத்திரிகைத் தாள் விலை உலகமெங்கும் ஏறியது. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மரம் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

பொட்டலத்துக்கும் ஆகாது

பழைய பத்திரிகைக்கும் நமக்கும் இன்னொரு உறவு இருந்தது. கடுகு, மிளகு, பட்டாணி, வேர்க்கடலை எல்லாம் அதில்தான் பொட்டலம் ஆயின. செய்தித்தாள் கிலோக் கணக்குப் பொட்டலத்துக்கு, வார இதழ்த் தாள் தாளிப்புச் சாமானுக்கு என்று அளவு வைத்திருந்தோம். பாலிதீன் பை வந்ததும் அந்த வேலை குறைந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது, பழைய பேப்பர் காலம் திரும்பிவிட்டது என்று நம்மில் சிலர் சந்தோஷப்பட்டார்கள்.

அதற்கும் வழியில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பொட்டலமிடல் விதிகள் 2019 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. அச்சிட்ட செய்தித்தாளில் உணவுப் பொருளைச் சுற்றவோ வைக்கவோ கூடாது என்பது விதி. மசியில் உள்ள ரசாயனம் உடம்புக்குக் கேடு என்று 2023 செப்டம்பரில் மறுபடியும் எச்சரித்தார்கள். ஆகவே இன்றைக்குப் பத்திரிகை என்பது படிக்க மட்டுமே. படிக்கிற ஆள் இல்லையென்றால் எடைக்குப் போடுவதைத் தவிர வழியில்லை.

எது நிற்கிறது?

இத்தனைக்குப் பிறகும் அச்சில் வருகிற எல்லாமே விழுந்துவிடவில்லை. நின்றவற்றை மட்டும் எண்ணிக்கொண்டு நிற்பவற்றைப் பார்க்காமல் விட்டால் கணக்கு பாதிதான்.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவி அதில்தான் தமிழ் பேசினார். 1984-ல் லயன் காமிக்ஸ் சேர்ந்துகொண்டது. அப்போது அவை கயிற்றில் தொங்கின, சிறுவர்கள் காசு சேர்த்து வாங்கினார்கள். சிறுவர்கள் டி.வி.க்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்தப் பழைய சிறுவர்கள், இன்றைக்கு 50 வயதுக்காரர்கள், விட்டுப் போகவில்லை. 2012 முதல் நல்ல தாளில், வண்ணத்தில், அதற்கேற்ற விலையில், சந்தா கட்டுபவர்களையும் புத்தகக் கண்காட்சிக்கு வருபவர்களையும் நம்பி அந்த நிறுவனம் நடந்துவருகிறது. 2022-ல் முத்து காமிக்ஸ் 50 ஆண்டு நிறைவு கண்டது. பிரதி குறைவு, ஆனால் வாங்குபவர் யார் என்று பதிப்பாளருக்குத் தெரியும். அவர் என்ன கேட்கிறார் என்பதும் தெரியும்.

ராமகிருஷ்ண மடத்தின் 'ராமகிருஷ்ண விஜயம்' 1921-ல் தொடங்கியது. நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. அது வருவது சந்தாக்காரர்களுக்காக. சோ ராமசாமி 1970 ஜனவரியில் தொடங்கிய துக்ளக், ஆண்டுதோறும் பொங்கலையொட்டி வாசகர்களை நேரில் கூட்டிப் பேசும் வழக்கம் வைத்தது. 2016-ல் ஆசிரியர் மறைந்த பிறகும் அது நின்றுவிடவில்லை. அதன் அரசியல் பிடிக்கிறதோ இல்லையோ, அதை யார் வாங்குவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. உழவர்களுக்கென்றே 2007-ல் பசுமை விகடன் வந்தபோது, மதுராந்தகம், செய்யூர் பக்கத்து விவசாயிகள் அதை வாங்கிப் படித்துவிட்டு அடுக்கி வைத்தார்கள். எடைக்குப் போடவில்லை. எந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல் என்று மறுபடி பார்க்க வேண்டும் அல்லவா?

கல்கியின் கதையிலும் இது உண்டு. வார இதழ் அச்சில் நின்ற பிறகும் தீபாவளி மலர் அச்சில் வந்தது. தீபாவளிக்கு மலர் வாங்கி வீட்டில் வைப்பது ஒரு வழக்கம். அந்த வழக்கத்தை செல்போன் தொடவில்லை.

நம் கடையில் இன்றும் ஓடுகிற அச்சுச் சரக்கைப் பாருங்கள். சித்திரைக்கு முன்னால் பாம்புப் பஞ்சாங்கம், மார்கழியில் தினசரி காலண்டர். செல்போனில் தேதி இல்லையா, ராகுகாலம் இல்லையா? எல்லாம் இருக்கிறது. இருந்தும் பூஜை அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று மாட்டாத வீடு நம் பக்கத்தில் குறைவு.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நியூஸ்வீக் 2012 முடிவில் அச்சை நிறுத்தியது. 2014-ல் குறைந்த பிரதியோடு, கூடின விலையோடு அச்சுக்குத் திரும்பியது. 1888-ல் தொடங்கிய நேஷனல் ஜியாகிரபிக் தன் நாட்டில் கடை விற்பனையை நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தது. ஆனால் சந்தா கட்டிய 17 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களுக்கு அச்சடிப்பதை விடவில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாக இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக அச்சடித்தவை விழுந்தன. இன்னாருக்கு, இன்ன காரணத்துக்கு என்று அச்சடித்தவை சிறுத்தாலும் நிற்கின்றன.

கடைக்காரர் செய்ய வேண்டியது

ஆகவே கடை வாசல் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டுமா? பழைய மாதிரி பத்து இதழைத் தொங்கவிட்டு வெயிலில் நிறம் மங்க விடுவதில் பயனில்லை. அதற்குப் பதில் ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் தெருவில் யாருக்கு எந்த இதழ் வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள். பக்தி இதழ் கேட்கும் மாமி, அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை, குறுக்கெழுத்துப் போட ஆசைப்படும் ஓய்வு பெற்ற ஆசிரியர், ராஜேஷ்குமார் நாவல் விடாமல் படிப்பவர் என்று பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். அவர்களுக்கு மட்டும் எடுத்துவையுங்கள். திருப்பி அனுப்பும் வேலையே இருக்காது.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அச்சிட்ட பத்திரிகைக்கு வரி போடவில்லை. முதல் முடக்கமும் சொற்பம். வந்த இதழை வாங்க அந்தப் பத்துப் பேரும் உங்கள் படியேறி வருவார்கள் என்பதுதான் முக்கியம். பத்து நிமிஷத்தில் வீட்டுக்கே சாமான் கொண்டுவந்து கொடுக்கும் கம்பெனிகள் சென்னையைத் தாண்டி நம் பக்கம் பரவிக்கொண்டிருக்கிற காலத்தில், ஒருவரைக் கடைக்கு வரவழைக்கும் எந்தக் காரணமும் சின்னக் காரணம் ஆகாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் எல்லாம் விற்கும் பெரிய கடையோடு நாம் போட்டி போட முடியாது. அவர்கள் கொள்முதல் விலை வேறு, நம் கொள்முதல் விலை வேறு. நம்மிடம் இருப்பது, எந்த வீட்டில் எந்த அரிசி, யாருக்குச் சர்க்கரை வியாதி, யார் வீட்டில் அடுத்த மாதம் வளைகாப்பு என்ற விவரம். பத்திரிகைத் தொழிலில் யார் நின்றார்கள் என்பது நமக்கும் பாடம். வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி அறிந்தவர்கள்தாம் நின்றார்கள்.

நமது இதழுக்கு வருவோம்

நமது சங்க இதழ் எந்த வகை? எல்லாருக்கும் பொதுவானதா, இன்னாருக்கு என்று உள்ளதா? கேட்க வேண்டியதே இல்லை. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரை கடை வைத்திருப்பவர்களுக்காக மட்டுமே வருகிற இதழ் இது. வேறு யாரும் இதை வாங்கப்போவதில்லை, நமக்கு வேறு இதழும் இல்லை. பெரிய பத்திரிகைகளைக் கொன்ற நோய் இதற்கு வர நியாயமில்லை.

வணிகர்கள் தமக்கென்று பத்திரிகை நடத்துவது நம் நாட்டில் புதிதும் அல்ல. 1920-ல் காரைக்குடியில் நகரத்தார் பெருமக்களுக்காக 'தன வைசிய ஊழியன்' வந்தது. பிறகு 'ஊழியன்' என்ற பெயரில் நாடறிந்த இதழானது. இலங்கையில் யாழ்ப்பாணத்துத் தோழர் டொமினிக் ஜீவா 1966-ல் தம் முடிதிருத்தும் நிலையத்திலிருந்தே 'மல்லிகை' என்ற இலக்கிய இதழைத் தொடங்கினார். தெருத்தெருவாகக் கையில் கொண்டுபோய் விற்றார். போரும் இடப்பெயர்ச்சியும் நடுவே வந்தும் சுமார் 400 இதழ் கொண்டுவந்தார். ஒரு சின்னக் கடைக்காரர் தனி ஒருவராக அதைச் செய்திருக்கிறார். இத்தனை பேர் உள்ள சங்கத்தால் ஓர் இதழை நிறுத்தாமல் கொண்டுபோக முடியாதா?

செல்போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு உள்ள வேலை அதற்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எந்தச் சாலையில் தண்ணீர், எந்த லாரி எங்கே நிற்கிறது என்று வாட்ஸ்அப்தான் சொன்னது. அன்றைய பருப்பு விலை, எண்ணெய் விலை, இரங்கல் செய்தி, கடையடைப்பு அறிவிப்பு எல்லாம் அதில் வரட்டும். இவற்றுக்கு மாத இதழை நம்பிக் காத்திருக்க முடியாது.

ஆனால் 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதம் மாறியபோது என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 18 சதவீதம் இருந்த சோப்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் 5 சதவீதத்துக்கு வந்தன. 12 இருந்த நெய், வெண்ணெய் 5 ஆனது. அந்த வாரம் செல்போனில் ஒரே பொருளுக்கு மூன்று விதப் பட்டியல் சுற்றியது. எது அரசாங்கம் வெளியிட்டது, எது யாரோ அடித்துவிட்டது என்று பிரித்துப் பார்ப்பதற்குள் அடுத்த நூறு செய்தி வந்து மேலே குவிந்தது. மறுநாள் தேடினால் கிடைக்காது. பொறுப்பான ஒருவர் சரிபார்த்து அச்சடித்த ஒரு பட்டியலைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்தால், முதலாளியும் பார்க்கலாம், கடைப் பையனும் பார்க்கலாம், அதிகாரி வந்தால் அவருக்கும் காட்டலாம்.

உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பிப்பு, எடைக்கல் முத்திரை, பிளாஸ்டிக் தடை விதி, கடை வாடகைச் சட்டம் இவையெல்லாம் ஒருமுறை படித்து அழிக்கும் செய்திகள் அல்ல. கோப்பில் வைத்து மறுபடி எடுக்க வேண்டியவை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகு எந்த அலுவலகம் எங்கே என்று தெரியாமல் அலைந்தவர்களுக்கு இது புரியும். 2025 மே 5 அன்று நம் மதுராந்தகத்திலேயே வணிகர் தின மாநில மாநாடு நடந்தது. அது போன்ற மாநாடுகளில் நாம் என்ன கேட்டோம், என்ன வாக்குறுதி வாங்கினோம் என்பது பத்து வருடம் கழித்துத் தேவைப்படும். பழைய போன் உடைந்தால் அதிலுள்ளது போயிற்று. தைத்து வைத்த இதழ் பரணில் இருக்கும்.

எதிர்த் தரப்பில் நியாயமான குறை ஒன்று உண்டு. அனுப்புகிற இதழில் பல பிரதிகள் சுற்றிய தாளைக்கூடப் பிரிக்காமல் மேசையடியில் கிடக்கின்றன. இதை மறுக்க முடியாது. இலவசமாக எல்லாருக்கும் அனுப்பினால் அப்படித்தான் ஆகும். பெரிய பத்திரிகைகள் செய்த தவற்றையே நாமும் செய்துகொண்டிருக்கிறோம். அதைத் திருத்த இதழை மூட வேண்டியதில்லை, அனுப்பும் முறையை மாற்றினால் போதும். என் யோசனைகளைச் சொல்கிறேன்.

1. உறுப்பினர் கட்டணத்தோடு சேர்க்காமல் இதழுக்குத் தனிச் சந்தா வையுங்கள். கேட்டுக் கட்டியவர்களுக்கு மட்டும் அச்சடியுங்கள். பிரதி பாதியாகக் குறைந்தாலும் கவலை இல்லை, குறைந்த பிரதியும் படிக்கப்படும்.

2. மாதம் ஒன்று என்பதை இரண்டு மாதத்துக்கு ஒன்று ஆக்கலாம். செலவு ஏறக்குறைய பாதியாகும்.

3. அவசரச் செய்தி செல்போனில், ஆவணம் ஆக வேண்டியது அச்சில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு இதழின் நடுப்பக்கமும் பிரித்தெடுத்து ஒட்டக்கூடிய பட்டியலாக இருக்கட்டும்.

4. விளம்பரத்துக்கு வெளியே கையேந்த வேண்டாம். நமக்குச் சரக்குப் போடும் அரிசி ஆலை, எண்ணெய்ச் செக்கு, தாள் பை செய்பவர், தராசு பழுது பார்ப்பவர் இவர்களுக்கு நம்மைவிட நல்ல வாசகர் கிடைக்கமாட்டார். விளம்பரத்தை மட்டும் நம்பியும் இருக்க வேண்டாம். சந்தாவிலேயே அச்சுச் செலவு தேற வேண்டும்.

5. எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். என் வயதுக்காரர்கள் செல்போனில் விரலால் விரித்து விரித்துப் படிக்கிறோம். பக்கத்தைக் குறைத்தாலும் எழுத்தைக் குறைக்காதீர்கள்.

இப்படி இரண்டு வருடம் நடத்திப் பார்ப்போம். அப்போதும் சந்தா கட்ட ஆளில்லை என்றால், இந்த இதழ் நமக்குத் தேவையில்லை என்று நாமே சொன்னதாக ஆகும். அன்று மூடலாம். அதுவரை, மற்றவர்கள் மூடினார்கள் என்பதற்காக நாமும் மூடுவது, அடுத்த தெருக் கடையில் வியாபாரம் இல்லை என்று கேட்டு நம் கடைக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

பொதுக்குழுவுக்கு வரும் நண்பர்கள் தீர்மானத்தின் மீது பேசுவதோடு நிற்காமல், ஒரு வருடச் சந்தாப் பணத்தையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை பேர் எழுந்து வந்து அதை மேசைமேல் வைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அச்சடிக்கலாமா வேண்டாமா என்பதற்கு விடை அங்கேயே கிடைத்துவிடும்.

— ஒரு மொத்த வணிகர், செங்கல்பட்டு